சுழல் படிக்கட்டின் கைப்பிடிக்கு முறுக்கு கணக்கிட்ட கதை

என் தம்பி கட்டும் வீட்டில் மாடிக்குச் சுழல் படிக்கட்டு. நடுவில் தூண், சுற்றிலும் படிகள், வெளி ஓரத்தில் கைப்பிடி. கைப்பிடிக்கு 40 மி.மீ. அகலமும் 12 மி.மீ. கனமும் உள்ள எம்.எஸ். ஃபிளாட், அதாவது மென்னிரும்புப் பட்டை. அதன் அகன்ற முகம் வழி நெடுக மேலே பார்த்திருக்க வேண்டும். உள்ளங்கை அதன்மேல் சமமாக உட்கார வேண்டும். வேலையை எடுத்துக்கொண்ட பட்டறை அண்ணன் என்னிடம் கேட்டது இரண்டே எண்கள், ரோல் இயந்திரத்தில் வளைக்கும் ஆரமும் முறுக்கின் அளவும்: "எந்த ஆரத்துக்கு ரோல் போடணும், மீட்டருக்கு எவ்வளவு முறுக்கணும்? அதைச் சொல்லிடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

கைப்பிடியின் நடுக்கோடு தூணின் மையத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரே சுற்றில் 3 மீட்டர் ஏறுகிறது. கீழேயும் மேலேயும் 600 மி.மீ. நேராக, கிடைமட்டமாக ஓடும் பகுதிகள். நேர்ப் பகுதி சுருளோடு சேரும் இரண்டு இடங்களிலும் சரிவு திடீரென மாறாமல் இருக்கச் சின்னதாக ஒரு செங்குத்து வளைவு. சுருளின் சரிவு ஏறத்தாழ 25.5 டிகிரி. பைத்தான் நிரல்மொழியில் இந்த வளைவரையைப் புள்ளிகளாக எழுதி, ஒவ்வொரு புள்ளியிலும் 40-க்கு 12 செவ்வகத்தை நிறுத்தி, அடுத்தடுத்த செவ்வகங்களின் மூலைகளை இணைத்துவிட்டால் மாடல் தயார். செவ்வகத்தை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

ஒரு வளைவரை நமக்குத் தானாகத் தருவது ஒரு திசையைத்தான்: தொடுதிசை, அதாவது அந்தப் புள்ளியில் எந்தப் பக்கம் போகிறோம் என்பது. செவ்வகம் அதற்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்புறமும் அந்தத் திசையையே அச்சாக வைத்து அதை எத்தனை டிகிரி வேண்டுமானாலும் சுழற்றலாம். வளைவரையோடு நகரும் ஆயச்சட்டம் (ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகள்), நம் பேச்சில் 'ஃபிரேம்', தீர்மானிப்பது இந்த ஒரு கோணத்தைத்தான். அந்தக் கோணத்தை முடிவுசெய்ய வேண்டியது வேலையின் தேவை. வளைவரையிடம் கேட்டால் பதில் கிடைக்காது. இந்த வேலையில் எனக்கு நன்றாக உறைத்த விஷயம் இதுதான்.

பாடப்புத்தகம் முதலில் சொல்லித்தரும் ஃபிரெனே ஃபிரேமிலிருந்து ஆரம்பித்தேன். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபிரெனே 1847-இல் தன் ஆய்வேட்டில் எழுதியது. இன்னொரு பிரெஞ்சுக் கணிதவியலாளர் செரே 1851-இல் தனியாக அதே சமன்பாடுகளுக்கு வந்து சேர்ந்தார். தொடுதிசை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அது முதல் செங்குத்துத் திசை. தொடுதிசைக்கும் அதற்கும் வெக்டர் பெருக்கம் எடுத்தால் இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாவது திசை. சூத்திரம் அழகானது, வெளியிலிருந்து எந்தத் திசையையும் கடன் வாங்காது.

சுருள் பகுதியில் இது அச்சுப் பிசகாமல் வேலை செய்தது. சுருளில் தொடுதிசை எப்போதும் தூணை நோக்கித்தான் திரும்புகிறது. அதனால் முதல் செங்குத்து கிடைமட்டமாகத் தூணைப் பார்க்கும், மூன்றாவது திசை மேல்பக்கம் பார்க்கும். ஃபிளாட்டின் அகன்ற முகம் அந்த மூன்றாவது திசையைப் பார்த்து அமர்ந்துவிடும். சுருளைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. நேர்ப் பகுதியில் தொடுதிசை திரும்பவே இல்லை, வளைவு (எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்ற அளவு) பூஜ்யம். திரும்பாத ஒன்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்டால் என்ன பதில் வரும்? கணினி பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து 'எண் அல்ல' என்று கைவிரிக்கும். அல்லது தசமத்தில் பதினாறாவது இடத்தில் மிஞ்சிய இரைச்சலை அலகு நீளத்துக்குப் பெருக்கி ஏதோ ஒரு திசையைத் தரும். இரண்டாவதுதான் ஆபத்து. பிழைச் செய்தி எதுவும் வராது, மாடலின் நேர்ப் பகுதியில் செவ்வகங்கள் மட்டும் கண்டபடி திரும்பி முள்முள்ளாக நிற்கும்.

செங்குத்து வளைவுகளில் நடப்பதும் கவனிக்க வேண்டியது. கீழ்முனையில் பாதை கிடைமட்டத்திலிருந்து மேல்நோக்கி வளைகிறது. ஆகவே ஃபிரெனேயின் முதல் செங்குத்து மேலே பார்க்கும். சுருளுக்குள் நுழைந்ததும் அது தூணைப் பார்க்கும். மேல்முனையில் பாதை கீழ்நோக்கி மட்டமாகிறது. அங்கே அதே திசை தரையைப் பார்க்கும். ஆக ஒரே கைப்பிடியில் மேலே, உள்ளே, கீழே என்று தொண்ணூறு தொண்ணூறு டிகிரியாக அது தாவுகிறது. படிக்கட்டில் ஏறுபவரின் உள்ளங்கைக்குக் கீழே ஃபிளாட்டின் அகன்ற முகம் விளிம்பாக மாறிப்போகும். வட்டக் குழாய்க்கு இது பரவாயில்லை என்று தோன்றலாம், பரவாயில்லை அல்ல: குழாயின் மெஷ்ஷும் (கணினி மாடலின் மேற்பரப்பு வலை) வளையங்களின் புள்ளிகளை இணைத்துத்தான் உருவாகிறது. ஒரு வளையம் திடீரென அரைச்சுற்று திரும்பினால் குழாய் அந்த இடத்தில் பிழிந்த துணி மாதிரி இடுப்பு ஒடுங்கிவிடும்.

அடுத்தது, சுழற்சி மிகக் குறைவான ஃபிரேம். 1975-இல் ரிச்சர்ட் பிஷப் அமெரிக்கக் கணித இதழ் ஒன்றில் எழுதிய சிறு கட்டுரைக்குப் பிறகு பலரும் இதை அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். செங்குத்துத் திசை எங்கே திரும்பினாலும் அது தொடுதிசை திரும்பியதன் விளைவாக மட்டுமே இருக்க வேண்டும். தொடுதிசையை அச்சாகக் கொண்டு தானாகச் சுழலக் கூடாது. இந்த ஒரு நிபந்தனைதான். வளைவு பூஜ்யமானாலும் இதற்குக் கவலை இல்லை, நேர்ப் பகுதியில் இருந்தபடியே நகர்ந்துபோகும். தொடக்கத் திசையை மட்டும் நாம் கொடுக்க வேண்டும்.

இதைக் கணக்கிட எளிய வழி: முந்தைய புள்ளியின் தொடுதிசையைப் புதிய தொடுதிசைக்குக் கொண்டுபோகும் மிகச் சிறிய சுழற்சியைக் கண்டுபிடித்து, ஃபிரேம் முழுவதையும் அதே சுழற்சியால் திருப்புவது. த்ரீ.ஜேஎஸ் என்ற 3டி வரைகலை நிரல் நூலகத்தில் குழாய் வடிவத்துக்கான ஃபிரேம் கணக்கும் இதுதான், செயற்கூற்றின் பெயரில் ஃபிரெனே என்று இருந்தாலும். புள்ளி இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை நாலில் ஒன்றாகும்.

இதைவிட நல்ல வழி ஒன்று 2008-இல் வந்தது: வென்பிங் வாங், பெர்ட் யூட்லர் உள்ளிட்ட நால்வர் தந்த இரட்டைப் பிரதிபலிப்பு. நான் நிரலில் எழுதியது இதைத்தான். எழுதும்போதே பிடித்துப்போயிற்று, அவ்வளவு சிக்கனம். ஒரு புள்ளியில் ஃபிரேம் கையில் இருக்கிறது. அடுத்த புள்ளியின் இடமும் தொடுதிசையும் தெரியும். இரண்டு புள்ளிகளுக்கும் சரிநடுவே, அவற்றை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு தளம் வைத்து, பழைய ஃபிரேமை அதில் பிரதிபலிக்கிறோம். பிரதிபலித்த தொடுதிசை ஏறக்குறைய பின்பக்கம் பார்க்கும். அதை உண்மையான புதிய தொடுதிசையின் மேல் கொண்டுபோய் வைக்கும்படி இரண்டாவது தளத்தில் இன்னொரு பிரதிபலிப்பு. இரண்டும் சேர்ந்தால் ஒரு சுழற்சி, புதிய ஃபிரேம் வந்துவிட்டது. சைன், கோசைன், வர்க்கமூலம் எதுவும் வேண்டாம். சில புள்ளிப் பெருக்கங்களும் இரண்டு வகுத்தல்களும் போதும். இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை பதினாறில் ஒன்றாகும்.

நிரலைச் சோதிக்க விடை முன்கூட்டியே தெரிந்த வளைவரை வேண்டும். கோளத்தின் மேல் ஓடும் எந்த வளைவரைக்கும் விடை தெரியும்: கோளத்தின் மையத்திலிருந்து வெளியே பார்க்கும் ஆரத்திசையே சுழற்சி மிகக் குறைவான செங்குத்துத் திசை. டென்னிஸ் பந்தின் தையல் போன்ற ஒரு கோட்டைக் கொடுத்து, ஆரத்திசையிலிருந்து தொடங்கி ஓட்டினேன். எளிய சுழற்சி முறையில் சின்னப் பிழை வந்தது. இரட்டைப் பிரதிபலிப்பிலோ, புள்ளிகள் அடர்த்தியாக இருந்தாலும் தூரம் தூரமாக இருந்தாலும், கணினியின் துல்லிய எல்லைவரை பிழையே இல்லை.

காரணத்தைக் காகிதத்தில் பார்த்தபோதுதான் முறையின் அருமை புரிந்தது. கோளத்தின் மேலுள்ள இரண்டு புள்ளிகளுக்குச் சரிநடுவே நிற்கும் தளம் கோளத்தின் மையம் வழியாகத்தான் போகும். ஆகவே முதல் பிரதிபலிப்பு கோளத்தைக் கோளத்தின் மேலேயே வைக்கிறது. பழைய புள்ளியின் ஆரத்திசை புதிய புள்ளியின் ஆரத்திசையாகிறது. இரண்டாவது பிரதிபலிப்பில் கலந்துகொள்ளும் இரண்டு தொடுதிசைகளும் அந்த ஆரத்துக்குச் செங்குத்து. அதனால் ஆரத்திசை அசையாது. தோராயமே இல்லை. நான்கு வரியில் முடிகிற நிரூபணம், ஆனால் பல பக்கப் பிழைக் கணக்கைவிட எனக்கு இதுதான் முறையின்மேல் நம்பிக்கை கொடுத்தது. ஒரு விஷயம்: துல்லியம் எந்த வேகத்தில் ஏறுகிறது என்று பார்க்க இந்தச் சோதனை உதவாது, பிழைதான் இல்லையே. நிரலில் குறி ஏதும் மாறியிருக்கிறதா என்று பிடிக்க மிக நல்லது.

வேகத்தைப் பார்க்கச் சுருளே போதும். நம் சுருளின் ஒரு முழுச் சுற்றில், சுழற்சி மிகக் குறைவான ஃபிரேம் ஃபிரெனே ஃபிரேமிலிருந்து விலகும் கோணத்தைக் கையாலேயே கணக்கிடலாம்: 360 டிகிரியைச் சரிவுக் கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும். விடை 155.11 டிகிரி. சுற்றுக்கு 36 புள்ளிகள் வைத்தால் எளிய சுழற்சி முறையில் 0.32 டிகிரி பிழை வருகிறது. 72 வைத்தால் 0.08. இரட்டைப் பிரதிபலிப்பின் பிழை 36 புள்ளிகளிலேயே நூறில் ஒரு டிகிரியைக்கூட எட்டவில்லை.

இப்போது அந்த 155 டிகிரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுழற்சி மிகக் குறைவு என்ற பெயரைக் கேட்டு, கைப்பிடிக்கு இதுவே பொருத்தம் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? கீழே அகன்ற முகம் மேலே பார்த்துத் தொடங்கும். கால் சுற்றில் 39 டிகிரி சாயும், அரைச் சுற்றில் 78. மாடியை எட்டும்போது ஏறக்குறைய தலைகீழாகிவிடும். நிரல் சரி, கணிதம் சரி, கைப்பிடிதான் பயன்படாது. இணையத்தில் பல விளக்கங்கள் ஃபிரெனே கெட்டது, பிஷப் நல்லது என்கிற தொனியில் முடிந்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த வேலைக்கு என்று சொல்லாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

கைப்பிடிக்கு வேண்டியது மூன்றாவது வகை, எல்லாவற்றிலும் எளியது. தொடுதிசைக்கும் உலகின் மேல்திசைக்கும் வெக்டர் பெருக்கம் எடுத்தால் பக்கவாட்டுத் திசை. அதற்கும் தொடுதிசைக்கும் இன்னொரு முறை எடுத்தால் செவ்வகத்தின் மேல்திசை. முந்தைய புள்ளியின் நினைவே தேவையில்லை, ஆகவே பிழை சேர்ந்துகொண்டே போகும் பேச்சும் இல்லை. பாதை நட்டக்குத்தலாக ஏறும் இடத்தில் மட்டும் இது விழும். எந்தக் கைப்பிடியும் அப்படி ஏறாது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வளைவரையின் முறுக்கு வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் குறைந்தபட்சம், தொடுகோடு, இசட் மேல்நோக்கி என்று மூன்று இருப்பது இதனால்தான். மூன்றாவது இந்த ஃபிரேமேதான். ஃப்ரீகேட் என்ற வடிவமைப்பு மென்பொருளிலும் பாதைவழி உருவாக்கத்தில் திசை வகையை நாமே தேர்ந்தெடுக்கலாம். இதைப் போட்டதும் கைப்பிடி மாடல் கீழ்முனையிலிருந்து மேல்முனைவரை சமமாக உட்கார்ந்தது.

அப்படியென்றால் முதல் இரண்டு ஃபிரேம்களும் வீணா? பட்டறை அண்ணன் கேட்ட எண்கள் அவற்றில்தான் இருந்தன.

நேரான ஃபிளாட்டை முறுக்காமல் வளைத்தால் அதன் முகம் சுழற்சி மிகக் குறைவான ஃபிரேமோடுதான் போகும். நமக்கு வேண்டியது மேல்பார்த்த ஃபிரேம். இரண்டுக்கும் இடையே ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள கோணம்தான், அந்த இடத்துக்குள் இரும்பில் ஏற்றியிருக்க வேண்டிய முறுக்கு. நேர்ப் பகுதிகளிலும் செங்குத்து வளைவுகளிலும் இரண்டும் ஒன்றாகவே நகர்கின்றன, முறுக்கு பூஜ்யம். முழு 155.11 டிகிரியும் சுருளில்தான். சுருளின் நீளம் 6.96 மீட்டர், வகுத்தால் மீட்டருக்கு 22.3 டிகிரி. ஃபிரெனே சூத்திரத்தில் வரும் முறுக்கு எண்ணைத் தனியாகக் கணக்கிட்டேன்: மீட்டருக்கு 0.389 ரேடியன், அதே 22.3. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

ரோல் ஆரம் ஃபிரெனேயின் வளைவிலிருந்து வருகிறது. இங்கே பலரும் 1 மீட்டர் என்றே சொல்லிவிடுவார்கள், மேலிருந்து பார்த்தால் தெரியும் வட்டம் அதுதானே. ஆனால் கைப்பிடி சரிந்து ஏறுவதால் அதன் உண்மையான வளைவு அதைவிடத் தளர்வானது. ஆரத்தின் வர்க்கத்தோடு, ஒரு ரேடியன் திரும்பும்போது ஏறும் உயரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, ஆரத்தால் வகுக்க வேண்டும். ஒரு ரேடியனுக்கு நாம் ஏறுவது 0.4775 மீட்டர், ஆகவே விடை 1.228 மீட்டர். 600 மி.மீ. நாண் வைத்துப் பார்த்தால் 1 மீட்டர் ஆரத்துக்கு நடுவில் 46 மி.மீ. மேடு வரும், 1.228-க்கு 37 மி.மீ.தான். ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தகரத்தில் 37 மி.மீ. மேட்டோடு ஒரு டெம்ப்ளேட் வெட்டிக் கொடுத்தேன்.

வளைவும் முறுக்கும் தெரிந்தால் வளைவரை முழுவதும் தீர்மானமாகிவிடும் என்பது ஃபிரெனே, செரே சமன்பாடுகளின் சாரம். 1.228 மீட்டர் ஆரத்துக்குத் தட்டையாக ரோல் போட்டு, மீட்டருக்கு 22.3 டிகிரி சீராக முறுக்கினால், அந்த இரும்பு தானாகவே 1 மீட்டர் ஆரத்தில் 3 மீட்டர் ஏறும் சுருளாக எழுந்து நிற்க வேண்டும். வேறு வடிவத்துக்குப் போக அதற்கு வழியே இல்லை.

பட்டறைக்குப் போகும் முன் அதே நிரலை மூடிய வளைவரையிலும் ஓட்டிப் பார்த்தேன். 3டி பிரிண்டில் முப்பிரி முடிச்சை (மூன்று கண்ணிகள் கொண்ட மூடிய முடிச்சு) நாடா வடிவில் எடுக்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. முடிச்சில் மேல்பார்த்த ஃபிரேம் இயல்பாக வராது, மேல் கீழ் என்ற பேச்சே அதற்கு இல்லை. இங்கே சுழற்சி மிகக் குறைவான ஃபிரேம்தான் சரி. ஒரு சிக்கல்: சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேரும்போது ஃபிரேம் பழைய நிலைக்கு வராது, ஒரு கோணம் மிச்சம் நிற்கும். தொடுதிசைகளை ஓர் அலகுக் கோளத்தின் மேல் புள்ளிகளாக வைத்தால் அவை ஒரு மூடிய கோட்டை வரையும்; மிச்சக் கோணம் அந்தக் கோடு வளைத்த பரப்புக்குச் சமம், முழுச் சுற்றுகளைக் கழித்துவிட்டால். தளத்தில் கிடக்கும் வளைவரைக்கும் கோளத்தின் மேல் ஓடும் வளைவரைக்கும் மட்டும் நிச்சயமாக மிச்சம் இருக்காது. மற்றவற்றுக்கு அந்தக் கோணத்தை வழி நெடுகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். புள்ளியின் வரிசை எண்ணை வைத்துப் பிரிக்காமல், கடந்த நீளத்தின் விகிதத்தில் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் புள்ளிகள் நெருங்கும் இடத்தில் முறுக்கு குவிந்து தெரியும். செவ்வகம் அரைச்சுற்றுக்கு ஒருமுறை தன்னைப் போலவே ஆகிவிடுவதால், பிரித்துக் கொடுப்பது ஒருபோதும் 90 டிகிரியைத் தாண்டத் தேவையில்லை. கடைசி வளையத்தை முதல் வளையத்தோடு இணைக்கும்போது அரைச்சுற்று வித்தியாசம் நின்றால் மூலைகளின் எண்ணை இரண்டு இடம் நகர்த்தினால் போதும்.

சரி, பட்டறை. ஃபிளாட் 6 மீட்டர் நீளத்தில்தான் கிடைத்தது. ஆகவே சுருளை 3.48 மீட்டராக இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் அரைச் சுற்று, ஒவ்வொன்றிலும் 77.6 டிகிரி முறுக்கு. அகலப் பக்கமாக வளைப்பதால் ரோலில் ஃபிளாட் முரண்டு பிடிக்கும். அண்ணன் ஒரே மூச்சில் இறுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டெம்ப்ளேட்டை வைத்துப் பார்த்தார். முறுக்கத் தொடங்கும் முன் நான் வலியுறுத்திச் சொன்னது திசையைத்தான். இந்தப் படிக்கட்டு மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றி ஏறுகிறது, அதாவது வலக்கைச் சுருள். அதே ஆரத்தில், அதே அளவு, எதிர்ப்பக்கம் முறுக்கினால் கண்ணாடிப் பிம்பமான சுருள் வரும். அந்தத் துண்டு இந்த வீட்டுக்கு ஆகாது.

500 மி.மீ.க்கு ஒரு சாக்பீஸ் கோடு. ஒரு முனையை வைஸில் பிடித்து, ஒவ்வொரு கோட்டிலும் முந்தைய கோட்டைவிட 11 டிகிரி கூடுதலாகத் திரும்பியிருக்கிறதா என்று டிஜிட்டல் கோணமானியால் பார்த்துக்கொண்டே போனோம். விட்டதும் இரும்பு கொஞ்சம் பின்வாங்கும். அந்தப் பின்வாங்கலை அண்ணன் கைப்பழக்கத்தில் முன்கூட்டியே சேர்த்துக்கொண்டார், அதற்கு என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. முதல் துண்டை நிறுத்திப் பார்த்தபோது எதிர்முனை ஒன்றரை மீட்டர் உயரத்தில், தூணுக்கு மறுபக்கத்தில் வந்து நின்றது. நேர்ப் பகுதியையும் செங்குத்து வளைவையும் தனித்துண்டாகச் செய்து இரண்டு முனைகளிலும் வைத்தார். சேரும் இடங்களில் அகன்ற முகங்கள் ஒரே மட்டத்தில் இருந்தன. டேக் அடித்து, முழு வெல்டு போட்டு, மேட்டை மட்டும் கிரைண்டரில் தேய்த்து எடுத்தார்.